பின்கழுத்துக் காற்று

காற்று இன்னும் பின்கழுத்தில்தான் இருக்கிறது. அது அங்கேயே இருக்கும்வரை பயமில்லை என்று வனரோஜா தனக்குள் சொல்லிக்கொண்டாள், அலையில் சறுக்குகிற போர்டின் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டுக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தபடி. ஊர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அலை உடைகிற இடமும் முதுகுக்குப் பின்னால். எதிரே வெறும் தண்ணீர், அதன் மேல் இப்போதுதான் ஏறி உட்கார்ந்த சூரியன். கரைக்காற்று விடியலில் ஊருக்குள்ளிருந்து கிளம்பி, கருவாட்டு வாசத்தையும் யார் வீட்டிலோ தாளித்த கடுகையும் தூக்கிக்கொண்டு வந்து, சட்டைக் கழுத்துக்கும் கொண்டைக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்சூண்டு இடத்தில் படுகிறது. அது படுகிறவரைக்கும் அலை நிமிர்ந்து நிற்கும், எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்ட பிள்ளையின் தலை மாதிரி ஒரு மயிர் கலையாமல் வரும். வெயில் ஏறினால் காற்று திரும்பிவிடும். கடலிலிருந்து முகத்தில் அடிக்கும். அதற்கப்புறம் அலை அலையாக இருக்காது, யாரோ கையைவிட்டுக் குழப்பிய மாவுபோல இருக்கும். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளை என்பதே இல்லை. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம், நாளை முதல் மறு அறிவிப்பு வரும்வரை யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று நேற்றுச் சாயங்காலம் கோயில் மைக்கில் இரண்டு தரம் சொல்லிவிட்டார்கள். லோகு அண்ணன் தன் போனில் வருகிற அலைப் படத்தை அவளிடம் காட்டினார். இன்று பச்சை. நாளை மஞ்சள். அப்புறம் வாரம் முழுக்கச் சிவப்பு, குங்குமம் கொட்டினாற்போல. அந்தப் புயல்காரன் இன்னும் எங்கேயோ தூரத்தில் இருக்கிறான், ஆனால் அவனுடைய அலை மட்டும் முன்னாடியே கிளம்பி வந்துவிட்டது, காற்று பின்னால் வரும். அலை வந்து, காற்று வராத ஒரே ஒரு காலைப்பொழுது. இதுதான். இதற்குள் ஒரு அலை. ஒன்றே ஒன்று போதும். கிடைக்கும். கிடைக்காமல் எங்கே போகும், இவ்வளவு பெரிய கடலில்.

ஒன்று போதும் என்றது அவள் இல்லை, லோகு அண்ணன். அதோ கல்லின் மேல் டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார், கழுத்தில் விசில். கல் என்றால் கரை அரிக்காமல் இருக்க அரசாங்கம் கொட்டிய தூண்டில் வளைவு, கடலுக்குள் முழங்கை மடக்கி நீட்டின மாதிரி ஒரு கருங்கல் வரிசை. அது வந்த பிறகு வடக்குப் பக்கம் மணல் மேடிட்டு, அலை ஒரு முனையில் உடைந்து நீளமாகச் சுருண்டு ஓட ஆரம்பித்தது. அதைப் பார்த்துப் பட்டணத்துக்காரர்கள் பலகையோடு வந்தார்கள். வலை இழுத்துக்கொண்டிருந்த லோகு அண்ணன் அவர்களிடம் கற்றுக்கொண்டு, ஓலைக் கொட்டகை போட்டு, இப்போது ஊருக்கே மாஸ்டர். பையன்கள் எல்லாரும் மீன்குஞ்சு மாதிரி அவரிடம் பழகிவிட்டார்கள். பொண்ணுங்கதான் கரையில் நின்று வேடிக்கை பார்த்தன. அம்மாக்களிடம் போய்க் கேட்டார். "பொம்பள சொல்லிக்குடுத்தா அனுப்பறோம் லோகு, ஆம்பளைங்க கையைப் புடிச்சுத் தூக்கிவுடறதெல்லாம் வேணாம்," என்றார்கள். சென்னையிலிருந்து நிவேதிதா என்று ஒரு பெண் வரத் தயாராக இருந்தது. நல்ல பெண், மரியாதையாகப் பேசும், அலையில் நின்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதற்கும் அம்மாக்கள் தலையாட்டவில்லை. "அது வேணாம்னு சொல்லல. நம்ம குப்பத்துப் பொண்ணா ஒண்ணு இருக்கட்டும். ஏதாச்சும் ஆச்சுன்னா வூட்டு வாசல்ல நின்னு திட்டறதுக்காவது ஒரு ஆள் வேணும்ல?" லோகு அண்ணன் சிரித்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டு, விடியலில் மட்டும் இறங்கி அலை பழகிவந்த இவளைப் பார்த்தார். இவள் டம்ளரைப் பார்த்தாள். ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்டு முன்னால் நிற்பவரின் பையை எட்டிப்பார்த்துத் தெரிந்துகொள்கிற ஆள் இவள். ஏழாவதோடு நின்ற படிப்பு. ஆனால் டம்ளரைப் பார்த்தபடியே "நான் சொல்லிக்குடுக்கறேன்ணா" என்று சொன்னது இவள் வாய்தான். வேறு யாருடைய வாயும் அங்கே இல்லை. "நுரை அலையில நல்லா நிக்கிறம்மா, அது போதாது," என்றார் அவர். "புள்ளைங்கள நம்பி உங்கைல குடுக்கணும். பின்னாடி போயி, உடையாத அலை ஒண்ணு, நீயா பாத்து, நீயா புடிச்சு, நின்னு வா. நின்னேன்னா விசில் அடிப்பேன். வகுப்பு உன்து. நாளைக்கு அந்தச் சென்னைப் பொண்ணுக்கு நான் பதில் சொல்லியாகணும், வேற ஊர்லயும் அத கூப்புட்றாங்க." நேற்று சொன்னார் இதை. நேற்று காற்று நன்றாகத்தான் இருந்தது, அலைதான் இல்லை.

காற்று இருக்கிறதா? இருக்கிறது. கழுத்தில்தான். கொஞ்சம் குறைந்தாற்போல... இல்லை, வியர்வை காய்ந்துவிட்டது, அதனால் தெரியவில்லை. கையை நனைத்துக் கழுத்தில் தடவிக்கொண்டாள், உடனே சில்லென்று பட்டது. இருக்கிறது. நீர் மட்டும் மெல்ல இழுக்கிறது, வடக்கிலிருந்து தெற்கே போகிற வன்னி நீர், இந்த மாசத்துக்கு அதுதான் வழக்கம். விட்டால் கல்லில் கொண்டுபோய் முட்ட வைக்கும். திரும்பிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி, அதன் முன்னால் கோயிலின் மஞ்சள் கலசம். இரண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், கலசம் தொட்டியைவிட்டு விலகினால் இவள் நகர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். விலகியிருந்தது. போர்டில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளி வடக்கே போனாள். படுத்ததும் மார்பு வலித்தது. பால். விடிவதற்கு முன்னால் மிதுனாவுக்குக் கொடுத்தது, அது பாதி குடித்துவிட்டுத் தூங்கிப்போனது, மீதி அப்படியே கல்லாகக் கட்டிக்கொண்டு இப்போது பலகைக்கும் இவளுக்கும் நடுவில் இரண்டு கூழாங்கல் வைத்துப் படுத்த மாதிரி. லோகு அண்ணனுக்கு இதெல்லாம் எப்படிச் சொல்வது. பலகையில் நெஞ்சை நன்றாக அழுத்திப் படு, நெஞ்சைத் தூக்காதே என்பார். அண்ணா, அங்கே ஒரு எட்டு மாசக் குழந்தையின் சாப்பாடு இருக்கிறது. நிவேதிதா ஒரு நாள் கேட்டது, ஏன்கா எப்பவும் கோணலா படுக்கறீங்க என்று. இவள் சிரித்து மழுப்பினாள். அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். நல்ல பெண்தான். வகுப்பு இல்லை என்று ஆனாலும் அது கோபித்துக்கொள்ளாது. இவள் வகுப்பை அது எடுத்துக்கொண்டாலும் இவள் கோபித்துக்கொள்ள மாட்டாளா? கோபித்துக்கொள்வாள். உள்ளே, யாருக்கும் தெரியாமல், பாத்திரம் கழுவுகிற இடத்தில், நிறையக் கோபித்துக்கொள்வாள். கலசமும் தொட்டியும் ஒன்றாகிவிட்டன. உட்கார்ந்தாள்.

தூரத்துக் கடலில் ஒரு கருப்புக் கோடு தெரிந்தது. அலையா? உடம்பு தானாகச் சுருங்கியது. அதுதான் கோளாறு. மற்றவர்கள் கோட்டைப் பார்த்ததும் முன்னால் பாய்வார்கள், இவள் உடம்பு பார்த்ததும் 'நில்லு, நில்லு, போகட்டும்' என்று பிடித்துக்கொள்ளும். கோடு பக்கத்தில் வந்தது, போர்டைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது, பின்னால் போய்த் தபதபவென்று உடைந்தது. நல்ல அலை. போய்விட்டது. கல்லின் மேலிருந்து லோகு அண்ணன் கையை விரித்தார், 'இன்னாம்மா' என்று. அவர் இதைப் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "கடல் முழிக்கிறப்ப நீ தூங்குற, கடல் தூங்குறப்ப நீ முழிச்சுக்கிற." உண்மைதான். கடல் கொஞ்ச நேரம் வரிசையாகப் பெரிய அலைகளாக அடிக்கும், அப்புறம் களைத்துப்போன மாதிரி ஓய்ந்து கிடக்கும். ஓய்ந்ததும் இவள் கை தானாகத் துழாவ ஆரம்பிக்கும், கால் உதைக்கும், இப்போ போ, இப்போ போ என்று. போவாள். ஒன்றும் இருக்காது. ஒரு குளத்தில் பலகையில் படுத்து நீந்துகிற பைத்தியம் மாதிரி போவாள். பையன்கள் உருண்டு சிரிப்பார்கள். பட்டணத்தில் பிறந்த யாருக்கும் இந்தத் தப்பு வராது, வேறு தப்பு வரும். இது குப்பத்துத் தப்பு. படகு தள்ளுகிற வீட்டில் பிறந்தால்தான் வரும். படகு அலையில் போகக்கூடாது, அலை ஓய்கிற நேரத்தில் போக வேண்டும். அந்த நேரத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். அப்பா படகுக்கு அந்தக் கண் இவள்.

ஆறாவது படிக்கும்போது. இல்லை, அதற்கும் முன்னாலிருந்தே. பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு மணல் மேட்டில் நிற்பாள், கீழே அப்பாவும் சித்தப்பாவும் படகின் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து இவள் வாயைப் பார்த்து நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்வதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள், அப்படிப்பட்ட குரல். மேட்டில் நின்றால் மட்டும் எங்கிருந்துதான் வருமோ. பெரிய அலை ஒன்று, ரெண்டு, இன்னும் ஒன்று இருக்கிறது, பொறு, அது உடையட்டும், நுரை ஓடட்டும், கடலின் தோள் கொஞ்சம் தொய்ந்து... "போப்பா!" ஊர் முழுக்கக் கேட்கும். அவர்கள் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். இவள் சொன்னால் ஒருநாளும் படகு நனைந்ததில்லை என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லுவார். அப்பாவின் தோள் போனதுகூட இவள் பார்க்காத நாளில்தான், இவள் வயசுக்கு வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த வாரம். படகு தண்ணீரில் நின்றுவிட்டது, என்ஜின் கயிற்றை இழுக்கிறதற்காக அப்பா கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார், பின்னாலிருந்து அலை அடித்தது. அவ்வளவுதான். தோள்பட்டை எலும்பு இரண்டாகப் போய், இன்றுவரை வலது கை தலைக்கு மேல் ஏறாது, அம்மாதான் சீவிவிடுகிறாள். நேற்று ராத்திரி போனில் வகுப்பைப் பற்றி அப்பாவிடம் சொன்னாள். "செய்யி. ஆனா கடலுக்கு முதுகு மட்டும் காட்டாத," என்றார். முதுகைக் காட்டாமல் எப்படி அப்பா. இந்த வேலையே அதுதான். அலை வருகிறதென்று தெரிந்ததும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரையைப் பார்த்துப் படுத்து, பின்னால் வருவது வரட்டும் என்று துழாவ வேண்டும். முதுகு. அங்கே வந்து நிற்கிறது எல்லாம். முதுகில் கண் இல்லை. முதுகில் காற்று மட்டும்தான்.

"ரோஜா! அடியே ரோஜா!" கரையிலிருந்து காவேரி அண்ணி கத்தினாள். கணவனின் அக்கா. இடுப்பில் மிதுனா, தூக்கிப் பிடித்துக் காட்டுகிறாள், முழித்துவிட்டது, அழுகிறது என்று. இங்கிருந்து பார்த்தால் வாய் மட்டும் தெரிந்தது, சத்தம் அலையில் போய்விட்டது. ஆனால் மார்புக்குக் கேட்டுவிட்டது. இரண்டு பக்கமும் ஊசி குத்தினாற்போல ஒரு சுரீர், அப்புறம் சூடாகக் கசிந்து சட்டைக்குள் இறங்கியது. கடல் தண்ணீர் பரவாயில்லை, யாருக்கும் தெரியாது. முழுக்கை சட்டை, லெக்கின்ஸ், அதற்கு மேல் அரைப் பாவாடை மாதிரி ஒன்று அவளே தைத்தது. முதல் நாள் நைட்டியோடு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, கோழி கூவும் முன்னால் வந்து இறங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, துண்டு ஒரு பக்கம் போனது, நைட்டி பலூன் மாதிரி ஊதிக்கொண்டது, அண்ணிதான் கரையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அண்ணிதான் காவல். பிள்ளையையும் வைத்துக்கொண்டு, வருகிற போகிறவன் வாயையும் அடைத்துக்கொண்டு. "இன்னா பாக்குற? உங்கூட்டு மாடி ஏறிக் குதிக்குதா அது? போ, வேலையப் பாரு," என்று அவர்களை விரட்டுவாள். அண்ணியின் மகளும் வகுப்புக்குக் காத்திருக்கிறது. மாமி வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று அது சொல்லியிருக்கிறது. வந்துடறேன், என்று இவள் கையை ஆட்டினாள். அண்ணி என்ன புரிந்துகொண்டாளோ, குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பி ஆட்டினாள். ஐந்து நிமிஷம் கண்ணு. அம்மா ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு வருகிறேன். கழுத்தில் காற்று? இருக்கிறது. விட்டு விட்டு வருகிறது. ஆனால் இருக்கிறது.

கரையில் சத்தம் மாறியது. படகுகள் கிளம்புகின்றன. நாளையிலிருந்து கடல் மூடுகிறது என்றதும் இன்றைக்கு ஊரில் ஒரு படகு மிச்சமில்லை, எல்லாரும் கடைசியாய் ஒருதரம் போய்விட்டு வந்துவிடலாம் என்று. நீலம் அடித்த ஃபைபர் படகு, அது அவர்களுடையது, பக்கத்தில் தேசப்பன், இவள் புருஷன், தலையில் முண்டாசு, வாய் ஓயாமல் என்னவோ பேசுகிறான். அவனைக் கட்டிக்கொண்ட புதிதில், இந்த ஆள் தூக்கத்திலாவது பேசாமல் இருப்பானா என்று பார்த்தாள், அதிலும் பேசினான். இவள் பேசாததையும் சேர்த்து அவன் பேசிவிடுவதால் குடும்பம் ஒரு மாதிரி சரிக்குச் சரியாக ஓடுகிறது. காலையில் பலகையைத் தூக்கிக்கொண்டு இவள் நடந்தபோது வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் அவனைச் சீண்டினார்கள். "இன்னா தேசா, நீ இன்னும் வலையே எடுக்கல, வூட்ல முன்னாடியே கடலுக்குப் பூட்டாங்க?" அவன் சும்மா விடுவானா. "நான் போயி மீன் புடிச்சினு வருவேன்டா. அவ போயி கடலையே புடிச்சினு வரப்போறா." எல்லாரும் சிரித்தார்கள், இவளுக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் தண்ணீரில் கால் வைத்தபோது அந்த வார்த்தை கூடவே வந்தது. இப்போதும் இருக்கிறது, கொண்டையில் செருகிய பூ மாதிரி, தெரியாது, ஆனால் வாசம் வருகிறது.

படகு கரையோரத் தண்ணீரில் இறங்கி நின்றது. பெரிய அலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒன்று இவளைத் தூக்கி இறக்கியது. இன்னொன்று. இது பிடிக்கலாம், இல்லை, படகு வழியில் இருக்கிறது, இது வேண்டாம். மூன்றாவது கனமானது, மேலே போனபோது ஊரே காலடியில் தெரிந்தது, கூரைகள், தொட்டி, அண்ணியின் ஆரஞ்சுப் புடவை, கீழே வந்ததும் ஒன்றும் இல்லை, தண்ணீர்ச் சுவர். இதுதான் கடைசி. இவளுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அடுப்பில் பால் பொங்கப்போகிறது என்று முதுகு திரும்பி இருக்கும்போதே தெரிகிற மாதிரி. பின்னால் அது உடைந்தது, நுரை ஓடியது, கடலின் தோள் தொய்ந்தது. இப்போது. கரையில் ஒருவரும் இன்னும் அசையவில்லை, தேசப்பன் இன்னொன்று வரும் என்று படகைப் பிடித்தபடி நிற்கிறான், இல்லை, வராது, வராது மாமா, போய்விடு... "போ மாமா! போ!" குரல் வெளியே வந்துவிட்டது. மேட்டில் நின்ற குரல். கரைக்காற்றை எதிர்த்துக்கொண்டே போய் ஊருக்குள் கேட்டது. தேசப்பன் நிமிர்ந்து பார்த்தான், அப்புறம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தள்ளு! தள்ளு! வுடாத!" என்ஜின் பிடித்துக்கொண்டது, படகு நுரையைக் கிழித்துக்கொண்டு கல்லோரமாய் வந்தது. அதைப் பார்த்து மற்ற படகுகளும் இறங்கின. இவள் கையும் துழாவ ஆரம்பித்துவிட்டது. பழைய கை. இப்போ போ, இப்போ போ. நில்லு. கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டாள், அடங்காத பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கிற மாதிரி. நீ போக வேண்டியதில்லை. நீ படகில்லை. படகு போகட்டும், நீ இரு.

இருந்தாள். ஓய்ந்த கடலில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும். எவ்வளவு நேரம் ஓய்ந்திருக்கும்? அப்போதுதான் அது பிடிபட்டது, அதுவும் ரொம்பச் சாதாரணமாக, தேடிக்கொண்டிருந்த சாவி இடுப்பிலேயே இருக்கிற மாதிரி. அவளுக்குத் தெரியும். ஓய்வது எப்போது என்று தெரிந்த கண்ணுக்கு அது முடிவது எப்போது என்றும் தெரியும். தெரியாமலா படகு படகாக அனுப்பினாள்? இரண்டாவது படகை அனுப்பலாமா வேண்டாமா, மூணாவதை நிறுத்து என்று அப்பாவிடம் சொன்னதெல்லாம் என்ன? "போப்பா" மட்டுமா கத்தினாள், "நில்லுப்பா" என்றும்தானே கத்தினாள். இத்தனை மாசமும் போ என்கிற இடத்தில் போய்க்கொண்டிருந்தாள். போக வேண்டியது நில் என்கிற இடத்தில். அவ்வளவுதானா? அவ்வளவுதான். சிரிப்பு வந்தது, உப்புத்தண்ணீர் வாயில் போனது. கடலைப் பார்த்தாள். தொய்ந்திருந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. தண்ணீரின் தோலில் ஒரு கூச்சம் ஓடியது. கடைசிப் படகு வெளியே போய்விட்டதா? போய்விட்டது. நில்லுப்பா. இனிமேல் யாரும் வராதீங்க. கலசமும் தொட்டியும் ஒன்றாக இருக்கின்றனவா? இருக்கின்றன. பால் கசிகிறது, கசியட்டும். முதுகு. திரும்ப வேண்டும். முதுகு, அப்பாவின் தோள், என்ஜின் கயிறு, முதுகு. அப்பா, நீங்கள் பார்க்காமல் திரும்பினீர்கள். நான் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். போர்டின் வாலை அழுத்தி, காலைச் சுழற்றி, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

வெளியே படகிலிருந்து தேசப்பன், "மே! ரோஜா! பின்னாடி வருது பாரு!" என்று கத்தியபோது அவள் ஏற்கெனவே படுத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். தெரியும் மாமா, எனக்கு முன்னாடியே தெரியும். நெஞ்சை அழுத்திப் படுத்தாள், கோணலாக இல்லை, நேராக, வலி மின்னலாய் அடித்தது, அடிக்கட்டும். கரை தூரத்தில் இருந்தது, அப்புறம் தூரம் என்பதே போய்விட்டது, பின்னால் கால்பக்கம் யாரோ குனிந்து கட்டிலைத் தூக்குகிற மாதிரி போர்டு மெல்ல எழுந்தது, இன்னும் ஒரு இழுப்பு, இன்னும் ஒன்று, பலகை தானாக ஓட ஆரம்பித்தது. கை ஊன்றினாள். கால் வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, நின்றுகொண்டிருந்தாள். காற்று முகத்தில் அடித்தது. ஐயோ. திரும்பிவிட்டது. காற்று திரும்பிவிட்டது, இவ்வளவு சீக்கிரமா, இன்னும் வெயிலே ஏறவில்லையே, போச்சு, அலை குழம்பப் போகிறது, போச்சு... ஆனால் அலை குழம்பவில்லை. காலுக்குக் கீழே கண்ணாடி மாதிரி, வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது, வலப்பக்கம் பச்சையாய் ஒரு சுவர் அவளோடு கூடவே வந்தது. காற்றில் கருவாட்டு வாசம் இருந்தது. கடுகு தாளித்த வாசம். ஊர்க்காற்றுதான். கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த அதே காற்று. காற்று திரும்பவில்லை. அவள்தான் திரும்பியிருந்தாள்.

விசில் கேட்டது. நீளமாக, நிற்காமல், ரயில்வே கார்டு ஊதுகிற மாதிரி. கேட்டும் அவள் இறங்கவில்லை, அலை இறக்கிவிடும்வரை நின்றாள், முழங்கால் தண்ணீரில் இறங்கி, போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மணலுக்கு வந்தாள். அண்ணி ஓடிவந்து குழந்தையை இவள் மேலே போட்டாள். "அடிப் பாவி, நான் இங்க நின்னு செத்துப் பொழைச்சேன்டி, இதுக்குத் தனியா சோறு போடணும் எனக்கு." மிதுனா அழுகையை நிறுத்தாமலே ஈரச்சட்டையில் மூக்கைத் தேய்த்துத் தேடியது, உப்பு பட்டதும் முகத்தைச் சுளித்தது, மறுபடி தேடியது. மீனுக்காகக் கூடையோடு காத்திருந்த பெண்கள் வட்டமாய் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் மகள்கள் உண்டு. ஒருத்தி கேட்டாள், "அப்ப நாளைக்கே அனுப்பலாமா ரோஜா?" எல்லார் கண்ணும் இவள் மேல். குனிந்துகொள்ளலாம் போலிருந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துத் துண்டை இழுத்து மூடிக்கொண்டு, நிமிர்ந்து, மேட்டில் நிற்கிற குரலில் சொன்னாள்: "நாளைக்கு வேணாங்கா. நாளைக்கு வாடைக்காத்து எடுக்கும், அலை ஆள் ஒசரத்துக்கு மேல வரும், ஒரு வாரத்துக்கு யாரும் கரைக்குக்கூடப் புள்ளைங்கள வுடாதீங்க. மழை வுட்டு, தண்ணி தெளிஞ்சு, விடியல்ல இந்த ஊர்க்காத்து திரும்ப வரும். அன்னைக்குக் கூட்டினு வாங்க. தலையில எண்ணெய் வெச்சு அனுப்பாதீங்க, பலகை வழுக்கும்." கூடைக்காரிகள் சிரித்தார்கள். கல்லின் மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த லோகு அண்ணன் அங்கேயே நின்று, சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

அவள் பேசி முடித்தபோது பின்கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது. ஊரைப் பார்த்து நிற்கிறாள், கடல் முதுகுக்குப் பின்னால். கருவாடு இல்லை, கடுகு இல்லை, வெறும் உப்பு. கடற்காற்று எடுத்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை குடிக்க ஆரம்பித்திருந்தது.